தில்லியிலிருந்து ஸ்பிதிக்குக் குடும்பத்தோடு முதல் கேரவன் பயணம்: திட்டமிடும் முறை

இமாச்சலப் பிரதேசத்தின் உயரமான மலைப் பள்ளத்தாக்கான ஸ்பிதிக்குக் கேரவனில் (படுக்கையும் சமையல் வசதியும் உள்ள வண்டி) போக நினைக்கும் தில்லிக் குடும்பங்கள் பெரும்பாலும் பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலோடுதான் தொடங்குகின்றன. கீ பௌத்த மடம், லாங்சா, ஹிக்கிம் அஞ்சலகம், சந்திரதால் ஏரி என்று எழுதிவிட்டு, இருக்கிற விடுமுறைக்குள் அவற்றை எப்படி அடக்குவது என்று கணக்குப் போடுகிறார்கள். அந்தத் தாளை முதலில் ஓரமாக வைத்துவிடுங்கள். வேறொரு தாளில், ஒவ்வோர் இரவும் எந்த ஊரில், எத்தனை மீட்டர் உயரத்தில் தூங்கப் போகிறீர்கள் என்பதை மட்டும் வரிசையாக எழுதுங்கள். தில்லி ஏறக்குறைய 220 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஸ்பிதியின் முக்கிய ஊரான காஜா 3,600 மீட்டருக்கு மேல் இருக்கிறது. இந்த ஏற்றத்தை உடம்பு எத்தனை இரவுகளில் பழகிக்கொள்கிறது என்பதே பயணத்தின் அடிப்படை. மற்றவை அதற்குப் பிறகுதான். மயூர் விஹாரிலிருந்து நான், மனைவி, மகள், மகன், 68 வயதான என் அம்மா ஆகிய ஐந்து பேரும் ஓட்டுநர் ஒருவருமாக 13 நாட்கள் போய்வந்த அனுபவத்தை வைத்து இதை எழுதுகிறேன்.

எந்த மாதம் போவது

தில்லிப் பள்ளிகளின் கோடை விடுமுறை மே நடுவிலிருந்து ஜூன் இறுதி வரை இருக்கிறது. பள்ளி செல்லும் குழந்தைகள் இருந்தால் ஜூன் இரண்டாம் பாதிதான் எளிது. ஆனால் அப்போது சிம்லா வரையிலான நெரிசலையும், பனி உருகிப் பெருகும் ஓடைகளையும் எதிர்பார்த்தே கிளம்ப வேண்டும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களை அறவே தவிர்த்துவிடுங்கள். ஸ்பிதி மழைமறைவுப் பகுதி என்பதால் அங்கே மழை குறைவுதான் என்றாலும், அதற்குப் போகும் வழியான கின்னௌரின் கீழ்ப்பகுதியில் பருவமழை நன்றாகவே பெய்கிறது. 2021 ஆகஸ்ட் 11 அன்று அங்கே நிகுல்சாரியில் மலை சரிந்து ஓர் அரசுப் பேருந்தையும் வேறு வண்டிகளையும் மூடியது. செப்டம்பர் நடுவில் வானம் தெளிந்துவிடும், இரவுக் குளிரும் தாங்கக்கூடியதாக இருக்கும். வீட்டில் கொலு வைப்பவர்களும் மகாளய அமாவாசைத் தர்ப்பணம் உள்ளவர்களும் பஞ்சாங்கத்தைப் பார்த்துத் திரும்பும் நாளை முதலில் முடிவுசெய்து, அங்கிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வருவது நல்லது. அப்படிச் செய்யாமல் கிளம்பினால் திரும்பும்போது மலைப்பாதையில் அவசரப்படுவோம்.

வழியும் இரவுகளும்

ஸ்பிதிக்கு இரண்டு வழிகள் உள்ளன. மணாலியிலிருந்து அடல் சுரங்கப்பாதை வழியாகக் குன்சும் கணவாயைத் தாண்டிப் போவது ஒன்று. சிம்லா, கின்னௌர் வழியாகச் சத்லஜ் நதியை ஒட்டிப் போவது இன்னொன்று. 2020 அக்டோபரில் அந்தச் சுரங்கம் திறந்தபின் மணாலி வழி குறுகிவிட்டது என்பது உண்மை. ஆனால் சுரங்கத்துக்கு அப்பால் கிராம்பூவிலிருந்து பாத்தல் வரை உள்ள பாதை உருண்டைக் கற்களும் ஓடைகளும் நிறைந்தது. உள்ளே அலமாரியும் தண்ணீர்த்தொட்டியும் சுமந்து செல்லும் வண்டிக்கு அது ஏற்றதல்ல. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு: ஏறக்குறைய 2,000 மீட்டரில் இருக்கும் மணாலியில் காலையில் எழுந்தவர்கள், 4,550 மீட்டர் கணவாயைக் கடந்து, அன்றிரவே காஜாவில் படுக்க நேர்கிறது. முதல் முறை போகும் குடும்பம் கின்னௌர் வழியாகவே போய், அதே வழியில் திரும்ப வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. போன வழியே வருவது சலிப்பாக இருக்கும் என்று சொல்பவர்கள், அந்தப் பள்ளத்தாக்கைக் காலை வெயிலில் ஒரு முறையும் மாலை வெயிலில் ஒரு முறையும் பார்த்தால் தங்கள் எண்ணத்தை மாற்றிக்கொள்வார்கள்.

இரவுகளை நாங்கள் இப்படி அமைத்தோம். முதல் நாள் விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பி, சண்டிகர் ஊருக்குள் நுழையாமல், சோலனில் 1,500 மீட்டரளவில் தங்கினோம். இரண்டாம் நாள் சிம்லாவைத் தாண்டி, நார்கண்டா வழியாக இறங்கி, பீமாகாளி கோயில் இருக்கும் சராஹனில் 2,200 மீட்டரளவில் இரவு. மூன்றாம், நான்காம் இரவுகள் கல்பாவில், ஏறக்குறைய 2,960 மீட்டரில். கல்பாவில் இரண்டு இரவுகள் தங்குவதை யாரும் குறைக்க வேண்டாம். எதிரே கின்னர் கைலாச மலை நிற்கும்போது அந்த ஒரு நாள் வீண் என்று தோன்றவும் தோன்றாது. ஐந்தாம் நாள் காப் என்னுமிடத்தில் ஸ்பிதி நதி சத்லஜில் கலப்பதைப் பார்த்துவிட்டு, நாக்கோவில் மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் நின்றோம். நாக்கோ ஏரிக்கரை மனத்தைப் பிடித்து நிறுத்தும்தான். ஆனால் அது 3,600 மீட்டருக்கு மேல் இருப்பதால், கல்பாவிலிருந்து வந்த அன்றே அங்கே படுத்தால் ஒரே தாவலில் 700 மீட்டர் ஏறியதாகும். அதைக் கடந்து, 3,280 மீட்டரில் இருக்கும் தாபோவுக்குப் போய்ப் படுத்தால் தாவல் பாதியாகக் குறைகிறது. மூவாயிரம் மீட்டருக்கு மேல் தூங்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பதே மலைமருத்துவத்தின் பொதுவான அறிவுரை. பகலில் எவ்வளவு உயரம் ஏறினோம் என்பதைவிட இரவு எங்கே படுத்தோம் என்பதே முக்கியம். தாபோவில் இரண்டு இரவுகள் தங்கினோம். 996ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட மடம் அங்கே இருக்கிறது. அதன் மண்சுவர்களுக்குள் இருக்கும் ஓவியங்களையும் சுதைச் சிற்பங்களையும் அவசரமில்லாமல் பார்க்க ஒரு பகல் வேண்டும். ஏழாம் இரவுதான் காஜா.

நார்கண்டாவுக்கும் சராஹனுக்கும் இடையிலுள்ள ராம்பூரைத் தாண்டியபின் கேரவன் மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் சராசரி தராது என்று வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசி வரைபடம் காட்டும் நேரத்தோடு மூன்றில் ஒரு பங்கைக் கூட்டினால் சரியாக இருக்கும். இருட்டியபின் ஓட்டுவதில்லை என்பதை வீட்டிலேயே தீர்மானித்துவிட வேண்டும்.

வண்டியைத் தேர்ந்தெடுத்தல்

மலைக்குப் பெரிய வண்டி வேண்டாம். கின்னௌரின் தராண்டா பகுதியில் சாலையே பாறையைக் குடைந்து வெட்டப்பட்டது. பாறை தலைக்குமேல் கூரைபோல் நீண்டிருக்கும். இதற்கு ஒரு நல்ல அளவுகோல் இருக்கிறது: இமாச்சல அரசுப் பேருந்து போகும் சாலையில், அதைவிட உயரமும் அகலமும் குறைந்த உங்கள் வண்டியும் போகும், பேருந்து போகாத கிளைச்சாலை என்றால் இறங்கி உள்ளூர்க்காரர்களைக் கேட்காமல் திருப்பாதீர்கள். கிப்பர், லாங்சா, ஹிக்கிம் போன்ற மேட்டுக் கிராமங்களுக்குக் கேரவனைக் காஜாவில் நிறுத்திவிட்டு உள்ளூர் வாடகை வண்டியில் போவதே அறிவுடைமை.

இலகு வாகன உரிமம் வைத்திருப்பவர் 7,500 கிலோ வரையிலான போக்குவரத்து வாகனத்தையும் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காக, நொய்டா நெடுஞ்சாலையில் மட்டும் ஓட்டிப் பழகியவர் மூன்று டன் வண்டியோடு மலையேற வேண்டியதில்லை. முதல் பயணத்துக்கு மலைச்சாலை பழகிய ஓட்டுநரை அமர்த்துங்கள். அவர் இரவு எங்கே தூங்குவார் என்பதையும் முன்பே முடிவுசெய்து, அதற்கான பணத்தையும் ஒதுக்குங்கள். முன்னிருக்கையில் சுருண்டு படுத்து எழுந்தவர் மறுநாள் எட்டு மணி நேரம் வளைவுகளில் ஓட்டுவது உங்கள் குழந்தைகளுக்கு ஆபத்து.

வண்டியைப் பார்க்கப் போகும்போது மெத்தையையும் தொலைக்காட்சியையும் கடைசியாகப் பாருங்கள். முதலில் இருக்கைப் பட்டைகளை எண்ணுங்கள். எத்தனை பேர் போகிறீர்களோ அத்தனை பட்டைகள் வேலை செய்ய வேண்டும்; பக்கவாட்டு நீள்இருக்கை எண்ணிக்கையில் சேராது. வண்டி ஓடும்போது யாரும் படுக்கையில் படுப்பதோ, அடுப்பருகே நிற்பதோ கூடாது. பிறகு டயர்களின் தேய்மானம், ஸ்டெப்னி, ஜாக்கி, பிரேக், பதிவுச் சான்று, காப்பீடு, பிற மாநிலம் செல்வதற்கான பெர்மிட் ஆகியவற்றைப் பாருங்கள். இமாச்சலத்தில் வாடகைப் பயணி வாகனங்களில் குப்பைத்தொட்டி இருக்க வேண்டும் என்பது 2025 முதல் கட்டாயம்.

பயணத்துக்கு முன் ஓர் ஒத்திகை இரவு

இதைத் தவறவிடாதீர்கள். வண்டியை இரண்டு நாள் முன்னதாகவே எடுத்து, குடியிருப்பின் வாகன நிறுத்தத்தில் நிறுத்தி, எல்லோரும் அதிலேயே சமைத்துச் சாப்பிட்டுப் படுத்தோம். கழுவுதொட்டிக்குக் கீழே குழாய் இணைப்பு சொட்டிக்கொண்டிருந்தது. காலையில் கீழே வைத்த வாளியில் பாதி நிறைந்திருந்தது. வாடகைக்குக் கொடுத்தவர்களிடம் சொன்னபோது எல்லா வண்டியிலும் அப்படித்தான் என்றார்கள். அன்று மதியம் அவர்களை விடாமல் நின்று புது வாஷர் போடச் செய்தோம். அடுப்புக்கு மேலிருந்த அலமாரி தாழ்வாக இருந்ததால், குக்கரின் வெயிட்டை எடுக்கவே கை போகவில்லை. எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று நள்ளிரவில் தெரிந்தது. கழிப்பறைக்கு இறங்கப் போன அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். வண்டியின் முதல் படி அவர் முழங்கால் உயரத்துக்கு இருந்தது. மறுநாள் லட்சுமி நகர்க் கடையில் அகலமான பிளாஸ்டிக் முக்காலி ஒன்றை வாங்கி, கயிற்றால் கதவுக் கைப்பிடியில் கட்டினோம். 13 நாட்களும் அம்மா யாருடைய கையையும் எதிர்பார்க்காமல் ஏறி இறங்கினார்.

தண்ணீர், கழிப்பறை, மின்சாரம், எரிவாயு

குடிக்கவும் சமைக்கவும் பாத்திரம் கழுவவும் ஐந்து பேருக்கு ஒரு நாளைக்கு 30 லிட்டர் வேண்டும்; குளியல் தங்குமிடத்தில்தான். நூறு லிட்டர் தொட்டி மூன்று நாளைக்கு வரும். ஆனால் நிரம்பிய தொட்டி நூறு கிலோ எடை. ஏற்றத்தில் அதைச் சுமந்துபோவதைவிடப் பாதி நிரப்பிக்கொண்டு ஒவ்வோர் ஊரிலும் கேட்டு வாங்குவது நல்லது. ஸ்பிதி குளிர்ப் பாலைவனம். அங்கே வாளித் தண்ணீருக்கும் மதிப்பு உண்டு என்பதைக் குழந்தைகளுக்குச் சொல்லித்தான் கூட்டிப் போக வேண்டும்.

வண்டிக் கழிப்பறையின் தொட்டியைக் காலிசெய்ய அந்த வழியில் வசதி கிடையாது என்றே திட்டமிடுங்கள். அதை இரவு நேரத்துக்கும் அவசரத்துக்கும் மட்டும் வைத்துக்கொண்டு, பகலில் தாபாக்களிலும் விருந்தினர் வீடுகளிலும் இருப்பவற்றைப் பயன்படுத்தினோம். ஆற்றிலோ ஓடையிலோ கழிவைத் திறந்துவிடுவது பெரும் பாவம். கீழே இருக்கும் ஊர் அந்த நீரைத்தான் குடிக்கிறது. ஒவ்வோர் இரவும் விருந்தினர் வீட்டு முற்றத்திலேயே வண்டியை நிறுத்தி, அதற்கு வாடகை கொடுத்து, அவர்களுடைய கழிப்பறையையும் ஓர் அறையையும் எடுத்துக்கொண்டோம். இதனால் கேரவனின் சுகம் குறையவில்லை. நடுக்காட்டில் தனியே நிறுத்துவதைவிட ஒரு முற்றத்தில் நிறுத்துவது முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் தைரியம் தரும்.

மின்சாரத்தில் பலர் ஏமாந்துவிடுகிறார்கள். வண்டியில் 12 வோல்ட், 200 ஆம்பியர்-மணி ஈய அமில மின்கலம் இருந்தால் அதன் கொள்ளளவு 2.4 யூனிட்; மின்கலம் கெடாமல் அதில் பாதியைத்தான் எடுக்கலாம். 1,800 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு அந்தப் பாதியை நாற்பதே நிமிடத்தில் தின்றுவிடும். எனவே சமையலுக்கு எரிவாயு, மின்சாரம் விளக்குக்கும் கைப்பேசிக்கும் மட்டும் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஐந்து கிலோ சிலிண்டரை நிமிர்ந்த நிலையில் கட்டி, வண்டி கிளம்புமுன் ரெகுலேட்டரை மூட வேண்டும்.

குளிர் தாங்கவில்லை என்று கதவு, ஜன்னல்களை அடைத்துக்கொண்டு அடுப்பை எரிய விடுவதோ, எஞ்சினை ஓடவிட்டுத் தூங்குவதோ ஒருக்காலும் கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். மின்கலத்தில் இயங்கும் எச்சரிக்கைக் கருவி ஒன்றை வாங்கித் தலைமாட்டில் மாட்டுங்கள். சமைக்கும்போது ஜன்னலைத் திறந்தே வையுங்கள். குளிருக்குக் கனமான ரஜாய்களும், வெந்நீர்ப் பைகளும், கம்பளித் தொப்பியும் போதும்.

மலைமேல் சமையல்

காஜாவில் காற்றழுத்தம் குறைவாக இருப்பதால் தண்ணீர் ஏறக்குறைய 88 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. திறந்த பாத்திரத்தில் எவ்வளவு நேரம் கொதித்தாலும் துவரம்பருப்பு குழையாது, சாதம் நடுவில் அரிசியாகவே நிற்கும். மூன்று லிட்டர் குக்கர் ஒன்று கட்டாயம். புழுங்கலரிசியை விட்டுவிட்டுப் பச்சரிசி எடுத்துப்போய், அரை மணி நேரம் ஊறவைத்து, தில்லியில் வைப்பதைவிட இரண்டு விசில் கூடுதலாக வையுங்கள். இட்லி மாவு அந்தக் குளிரில் பொங்காது. அந்த ஆசையைச் சோலனோடு முடித்துக்கொள்ளலாம். புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, வத்தக்குழம்பு விழுது, நெய், சுட்ட அப்பளம் ஆகியவை பத்து நாளும் தாங்கின. காபி டிகாக்ஷன் நீர்த்து இறங்கும். வழக்கத்தைவிட ஒரு கரண்டி தூள் கூடப் போட்டு, ஃபில்டரைக் கம்பளித் துணியில் சுற்றி வைத்தால் சரியாகிவிடும்.

தில்லியில் இறுக மூடிய எதுவும் மேலே போகப்போகப் புடைக்கும். நாக்கோவில் அலமாரியைத் திறந்தபோது வறுவல் பொட்டலங்கள் தலையணைபோல் உப்பியிருந்தன; ஆவக்காய் பாட்டிலின் மூடியைச் சுற்றி எண்ணெய் கசிந்து, கீழிருந்த அரிசிப் பையின் ஓரம் சிவந்துவிட்டிருந்தது. ஊறுகாயையும் எண்ணெயையும் முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாமல், தனி டப்பாவில் நிற்க வைத்து எடுத்துப்போங்கள்.

சாலையில்

இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே போகாமல், ஏறும்போது போட்ட கியரிலேயே இறங்க வேண்டும். மேலேறி வரும் வண்டிக்கு நாம்தான் ஒதுங்கி வழிவிட வேண்டும். ஓடைகள் சாலையைக் கடக்கும் இடங்களைக் காலையிலேயே தாண்டிவிடுங்கள். வெயில் ஏறப் பனி உருகி மதியத்துக்குமேல் நீர் கூடும். ஆற்றுப் படுகையிலும், புதிதாக விழுந்த கற்கள் கிடக்கும் சரிவின் அடியிலும் தேநீர் குடிக்கக்கூட நிறுத்தக் கூடாது.

ரெக்காங் பியோவுக்குக் கீழே பொவாரியில் டீசலை முழுக்க நிரப்பிக்கொண்டு, அடுத்தது காஜாதான் என்று எண்ணிக்கொள்ளுங்கள். கையில் ரொக்கம் வைத்திருங்கள். கைப்பேசிக்கு பி.எஸ்.என்.எல்., ஜியோ இரண்டும் இருந்தால் நல்லது. இந்தியக் குடிமக்களுக்கு இந்த வழியில் அனுமதிச் சீட்டு தேவையில்லை. ஆனால் அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்த பேரக் குழந்தைகளைக் கூட்டிப்போகும் குடும்பங்கள் கவனிக்க வேண்டும்: வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள், வெளிநாடுவாழ் இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும், எல்லைப்புறப் பகுதிக்கான அனுமதியை முன்பே பெறாவிட்டால் ரெக்காங் பியோவில் பெற்றபிறகே மேலே போக முடியும். அலுவலகம் திறந்திருக்கும் நாளில் அங்கே போய்ச் சேரும்படி திட்டமிடுங்கள்.

உயரம் உடம்பில் காட்டும் குறிகள்

இதய நோய், இரத்த அழுத்தம், ஆஸ்துமா உள்ளவர்கள் கிளம்புமுன் மருத்துவரைப் பார்க்க வேண்டும். உயரநோயைத் தடுக்கும் அசெட்டசோலமைடு மாத்திரை தேவையா, எவ்வளவு என்பதையும் அவரே சொல்லட்டும். சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் அதையும் அவரிடம் சொல்லுங்கள். தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை ஆகியவை முதல் குறிகள். இவை இருக்கும்வரை மேலே ஏறக் கூடாது. குறையாமல் கூடினால் இறங்க வேண்டும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, நடை தள்ளாடுவது, பேச்சு குழறுவது ஆகியவை நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்ததன் அடையாளங்கள். அப்போது ஒரு நிமிடமும் காத்திராமல் கீழே இறங்கியாக வேண்டும்.

பெரியவர்கள் வாய்விட்டுச் சொல்வார்கள், சிறு குழந்தைகளுக்குச் சொல்லத் தெரியாது. காஜாவில் எட்டாம் நாள் காலை, ஆறு வயது மகன் தனக்கு மிகவும் பிடித்த தயிர்சாதத்தைத் தள்ளி வைத்துவிட்டு, ஜன்னலோரம் சுருண்டு படுத்துக்கொண்டான். தலை வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்றான். கையிலிருந்த பொம்மை லாரியை அவன் தொடவே இல்லை என்பதை அம்மாதான் கவனித்தார். மருத்துவமனையில் காட்டினோம்; இறங்கிவிடுவதே நல்லது என்றார்கள். பதினொரு மணிக்கு வண்டியை எடுத்து, 47 கிலோமீட்டர் கீழே இருக்கும் தாபோவுக்கே திரும்பினோம். மாலை ஐந்து மணிக்கு அவனாகவே எழுந்து வந்து பருப்புசாதம் கேட்டான். மறுநாள் மகளும் நானும் மட்டும் வாடகைக் காரில் போய்க் கீ மடத்தைப் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் தாபோ வந்தோம். லாங்சாவும் ஹிக்கிமும் விட்டுப்போயின. உங்கள் திட்டத்திலும் இப்படி விட்டுக்கொடுக்க இரண்டு நாட்கள் மிச்சம் இருக்கட்டும். அந்த மிச்சம் இல்லாதவர்கள்தான் தலைவலியோடு குழந்தையை மேலே ஏற்றுகிறார்கள்.

திரும்பும் வழியில் இரவுகளின் கட்டுப்பாடு இல்லை. உடம்பு பழகியிருக்கும், இறங்கத்தானே போகிறோம். தாபோவிலிருந்து கல்பா, நார்கண்டா, சோலன் என்று மூன்று இரவுகளில் இறங்கினோம். ராம்பூரில் நிறுத்தி நான்கு டயர்களையும் பிரேக்கையும் பார்க்கச் சொல்லுங்கள். தில்லி வந்ததும் வண்டியை ஒப்படைக்குமுன் கழிவுத்தொட்டியை வீட்டுக் கழிப்பறையில் காலிசெய்து, தண்ணீர்த்தொட்டியைத் திறந்து உலரவிட்டு, வண்டியின் நான்கு பக்கங்களையும் உட்புறத்தையும் தேதி தெரியும்படி படமெடுத்துக்கொண்டால் முன்பணம் முழுதாகத் திரும்பி வரும்.